சாமிகளைக் கொட்டகைக்கு அனுப்பிய மதினி

எங்கள் காலனியில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவரில் மாட்டியிருக்கும் சாமி படங்களைப் பார்த்தால் போதும், அந்த வீட்டில் எவ்வளவு ஓதம், சுவரில் எவ்வளவு ஈரம் ஊறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு முருகன் என்றால் ஒரு திட்டு. முருகனுக்குப் பக்கத்தில் லட்சுமி, லட்சுமிக்குக் கீழே பிள்ளையார் என்று வரிசை நீண்டால் அந்தச் சுவர் மொத்தமாகப் போய்விட்டது என்று அர்த்தம். சிவகாசிக்காரர்களுக்குக் காலண்டருக்கா பஞ்சம்? கலர் தப்பிய தாள், ஓரம் வெட்டுப்பட்ட தாள் என்று அச்சாபீஸில் வேலை பார்க்கிற யாராவது ஒருவர் கொண்டுவந்துகொண்டே இருப்பார். பாதி பக்திக்கு, பாதி பூஞ்சைக்கு.

மூன்றாம் மாடி மதினி இந்த ஏற்பாட்டை மதித்ததே இல்லை. வீட்டுக்குள் வந்தால் உட்கார மாட்டார். நேரே சுவரிடம் போய்க் காலண்டரின் கீழ் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்ப்பார். அடுப்பில் இருக்கிற சட்டியைத் திறந்து என்ன குழம்பு என்று பார்க்கிற உரிமையோடு பார்ப்பார். அதையும் செய்வார், அது வேறு விஷயம். பார்த்துவிட்டு, "பரவிருச்சு" என்பார். பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்பார்.

அவருடைய பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு மதினி. எனக்கும் மதினி, என் வீட்டுக்காரருக்கும் மதினி, முறைப்படி சித்தி என்று கூப்பிட வேண்டியவர்களுக்கும் மதினி. இப்போது கோவில்பட்டிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். அங்கே யார் வீட்டுக் காலண்டரைத் தூக்கிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொள்கிறாரோ தெரியாது.

ஓடைக்கரையில் குடிசை போட்டிருந்த எங்களை அங்கிருந்து எடுத்து, ஆனைக்குட்டம் போகிற வழியில் மூன்று மாடிக் கட்டடமாகக் கட்டிக் குடிவைத்தார்கள். கான்கிரீட் வீடு, கக்கூஸ் உள்ளேயே. வந்த புதிதில் ராஜா வீட்டுக்கு வந்த மாதிரிதான் இருந்தது. இந்தப் பக்கம் மழை குறைவு என்பதால்தான் வெடித் தொழிலே இங்கே வந்து உட்கார்ந்தது என்பார்கள். அப்படிப்பட்ட காய்ந்த பூமியில், சுவருக்குள் மட்டும் வருஷம் முழுக்க ஈரம். வீட்டில் குடியிருக்கத்தான் எங்களுக்கு உரிமை. கழிவுக் குழாய் மூன்று மாடிக்கும் சேர்த்துச் சுவருக்குள்ளேயே இறங்குகிறது, எங்கேயோ கசிகிறது. அதை நாங்களாக உடைத்துப் பார்க்க முடியாது, வீட்டைக் கட்டிய ஆபீஸ்தான் வந்து செய்ய வேண்டும். ஆபீஸ் வரவில்லை.

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவள் படுக்கிற இடத்துக்குத் தலைமாட்டில் இருந்தது எங்கள் வீட்டின் பெரிய சுவர். ஐப்பசியில் ஆரம்பித்தால் தை வரைக்கும் அவளுக்கு இழுப்பு. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். டாக்டர் மருந்தும் கொடுத்தார், உண்மையையும் சொன்னார். அந்த அறையில் பிள்ளை படுக்கிறவரை இது நிற்காது, அடுத்த மழைக்குள் ஒன்று சுவர் காய வேண்டும், இல்லை வீடு மாற வேண்டும் என்றார். வீடு மாறுவது எங்களுக்கு ஆகிற காரியம் இல்லை. அதனால் சுவர் காய வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

மதினி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு வெடிக் கம்பெனியில் வேலை பார்த்தார். விடிந்ததும் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் இறக்கிவிடும். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் இழுத்துப் பிடித்து மினுங்கும். முன்னே வேலை பார்த்த இடத்தில் யாரோ மிச்ச வெடிமருந்தை அழிக்காமல் தட்டில் வைத்து மூடிவிட்டுப் போக, ஈரம் பட்டிருந்த மருந்து உள்ளேயே சூடேறி, மறுநாள் காலையில் இவர் பக்கத்தில் நிற்கும்போது பற்றியதாம். மதினிக்கு எதையும் திறந்து பார்க்கிற புத்தி அதில் வந்ததுதான் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் நம்பவில்லை. சிலர் பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கிறார்கள். கையைப் பற்றிக் கேட்டால், "மூடி வச்சது தூங்காது தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

இந்தப் புத்தியால் எங்கள் வீட்டில் அவருக்கு ஒரு பகை உண்டாகியிருந்தது. என் நாத்தனாரைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. என் மாமியார் இரண்டு நாளாகச் சுவரைச் சோடித்து வைத்திருந்தார். புது மீனாட்சி, புது சரஸ்வதி, நடுவில் ஒரு மலையும் அருவியும். மாப்பிள்ளையின் அம்மா பாயில் உட்கார்ந்து சுவரில் சாயப் போனார். காபி டம்ளரோடு நின்றிருந்த மதினி, "அங்கன சாயாதீக, பட்டுச் சேலை கறுத்துரும்" என்றார். சொன்னதோடு நிற்காமல் மீனாட்சியைத் தூக்கிக் காட்டவும் செய்தார். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள், தகவல் சொல்லி அனுப்பவே இல்லை. ஓதத்தால்தான் அந்தச் சம்பந்தம் நின்றது என்று என் மாமியார் சாதித்தார். மாப்பிள்ளைப் பையன் வேறு எங்கேயோ மனசு வைத்திருந்தான் என்று பிற்பாடு கேள்விப்பட்டோம். ஆனால் மாமியார் ஒன்றை நம்பிவிட்டால் நம்பியதுதான். அன்றிலிருந்து மதினியோடு பேச்சில்லை.

மதினிக்கு அது உறைக்கவே இல்லை. மறுநாள் காலையில் கறிவேப்பிலை கேட்டு வந்து நின்றார். என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இருந்தாக் குடு" என்று என்னிடம் சொன்னார். எனக்கே சில சமயம் அவர்மேல் எரிச்சல் வரும். மனுஷருக்கு ஒரு இங்கிதம் வேண்டாமா என்று தோன்றும்.

விருதுநகரில் திங்கள்கிழமை மனு வாங்குகிற நாளுக்குப் பலமுறை போனோம். மதினி லீவு போட்டுக்கொண்டு முன்னால் நடப்பார், நாங்கள் பின்னால். வீட்டைக் கட்டிய ஆபீஸிலும் போய் நின்றோம். ஈரத் துணியை வீட்டுக்குள் காயப் போடுகிறீர்கள், ஜன்னலைச் சாத்தியே வைக்கிறீர்கள், அதனால்தான் பூஞ்சை என்றார்கள். கடைசியில் ஒரு பங்குனி மாதம், இஞ்சினியர் நேரில் வந்து பார்ப்பார் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்க்காரர்களும் செய்திருக்க மாட்டார்கள். பெரிய ஆபீஸர் வீட்டுக்கு வருகிறார் என்றதும் எங்களுக்குக் கை சும்மா இருக்கவில்லை. கறுத்துப்போன இடத்தையெல்லாம் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். சுண்ணாம்பு அடித்தோம். அதற்கும் மசியாத இடத்தில் புதுக் காலண்டர். வாசலில் கோலம். வருகிறவருக்குக் கொடுக்கக் கலர் சோடா பாட்டில் வாங்கி ஈரத்துணி சுற்றி வைத்தோம். பொங்கலுக்குக்கூட எங்கள் காலனி அவ்வளவு லட்சணமாக இருந்தது இல்லை. மதினிக்கு அன்றைக்கு லீவு கிடைக்கவில்லை, ஏதோ அவசர ஆர்டர். இஞ்சினியர் வந்தார், வீடு வீடாகப் பார்த்தார், கலர் குடித்தார். நன்றாகத்தானே வைத்திருக்கிறீர்கள் என்று எங்களைப் பாராட்டிவிட்டுப் போனார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு கும்பிட்டோம். ஜீப் திரும்பிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று புரிந்தது.

சாயங்காலம் வேனில் வந்து இறங்கிய மதினியிடம் யார் சொல்வது என்று எங்களுக்குள் ஒரே தள்ளுமுள்ளு. நான்தான் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து, வெள்ளைப் பொடி ஒட்டிய கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "நோயக் காட்டப் போயி பவுடர் பூசிக்கிட்டு நின்னீகளாக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பிள்ளைக்கு ஒரு மழைக்காலம் கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தேன்.

காலண்டரையெல்லாம் கழற்றிவிட வேண்டும், சுவரைச் சுவராகவே வைத்திருக்க வேண்டும் என்பது மதினியின் கட்சி. யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிறவர் போகிறவர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு பக்கம். மாட்டிய சாமியைக் கழற்றலாமா என்பது அதைவிடப் பெரிய பக்கம். இந்த இரண்டாவதை முன்னால் நின்று சொன்னவர் என் மாமியார்தான். அவர் சொன்னால் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

மதினி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அதிசயமாகச் சுவர்ப் பக்கமே போகவில்லை. என் மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் பிறந்த ஊர் அம்மன் கோயிலில் திருப்பணி நடந்ததே, அப்போது சாமியை எங்கே வைத்திருந்தார்கள் என்று விசாரித்தார். பிறந்த ஊர்க் கோயிலைப் பற்றிக் கேட்டால் என் மாமியாரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் பேச்சு இல்லையே. அதனால் என்னைப் பார்த்துச் சொன்னார்: கர்ப்பக்கிரகத்தில் கொத்து வேலை நடக்கும்போது சாமி உள்ளே இருக்கக் கூடாது, பக்கத்தில் பாலாலயம் அமைத்து அங்கே வைத்துக் கும்பிடுவார்கள், வேலை முடிந்து குடமுழுக்கு நடந்தால்தான் திரும்ப உள்ளே வரும், அதுவரைக்கும் யார் சொன்னாலும் நகர்த்தக் கூடாது என்று. பாதி வாக்கியத்திலேயே அவருக்கு மதினி எங்கே வருகிறார் என்று புரிந்துவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை.

"அப்ப நம்ம சாமிகளுக்கும் ஒரு பாலாலயம் வச்சுருவோம் மைனி" என்றார் மதினி. "ஓதத்துல எம்புட்டு நாளைக்குத்தான் அதுகளும் நிக்கும்?"

என் மாமியார் நெடுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு என்னிடம், "வெள்ளிக்கிழம நல்ல நாளு. சொல்லு அவட்ட" என்றார். மதினி பக்தியோடுதான் கேட்டாரா, கெட்டிக்காரத்தனமாகக் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் ஒருவருக்குள் இருக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை.

காலனி முகப்பில் வேப்பமரத்து அம்மனுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வீடு கற்பூரம் காட்டி, படங்களைக் கழற்றி, தாம்பாளத்தில் வைத்து அங்கே கொண்டுபோனோம். கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிட்டோம். இரண்டாவது மாடியிலிருந்து அந்தோணியாரும் மாதாவும் வந்தார்கள். ஒருவர் சினிமா நடிகர் படத்தைக் கொண்டுவந்தார், அதையும் யாரும் தடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்துதான் சுவரை முழுசாகப் பார்த்தோம். காலண்டர் இருந்த இடமெல்லாம் சதுரம் சதுரமாகக் கறுப்பு. என் மகள் தலைமாட்டில் என் கை நீளத்துக்குப் பூஞ்சை, கம்பளி மாதிரி. இத்தனை நாளாக இதன் கீழேதான் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தோம்.

கோடை லீவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், மூக்கைப் பொத்தினார்கள். என்ன இப்படி என்று கேட்டவர்களிடம் திருப்பணி நடக்கிறது என்றோம். சில பேர் சிரித்தார்கள். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதம் ஆனதும் எனக்குள் ஏதோ மாறிவிட்டது. சுவர் அசிங்கமாக இருப்பதற்கு நான் ஏன் கூச வேண்டும், கட்டியவர்கள் கூசட்டும் என்று தோன்றியது. ஆபீஸுக்குப் போனால் இப்போதெல்லாம் நாங்கள் பின்னால் நிற்பதில்லை. மதினி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, நாங்களே பேசினோம்.

ஆனி மாதத்தில் ஒரு காலை. மேலதிகாரி யாரோ காலனியைப் பார்வையிட வருகிறார் என்று பெயிண்ட் வாளிகளோடு ஆட்களை அனுப்பிவிட்டார்கள். மதினி வேனில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. வெளியே உள்ளே எல்லாம் அடித்துத் தருகிறோம், சாயங்காலமே சாமி படத்தை மாட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வாளிக்குள் இருந்த இளம்பச்சை நிறத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் மனசு இளகிவிட்டது. பொய் சொல்வானேன், எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதை அடித்துவிட்டால் கதை முடிந்தது. ஜீப்பில் வருகிறவர் பச்சையைப் பார்ப்பார், பாராட்டுவார், போவார். ஐப்பசியில் என் மகளுக்கு மறுபடியும் பூனைக்குட்டி கத்தும். எப்படித் தடுப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

என் மாமியார் வெற்றிலைப் பெட்டியோடு இறங்கிவந்து முதல் படியில் குறுக்கே உட்கார்ந்தார். அந்தப் படி ஒரு ஆள் அகலம்தான், அவரும் ஒரு ஆள் அகலம்தான். "ஏம்ப்பா, திருப்பணி முடியாம சாமிய உள்ள கூட்டியாறது எந்த ஊர் வளக்கம்?" என்றார். "சொவத்துக்குள்ள ஒடஞ்சு கெடக்குற குளாயச் சரி பண்ணச் சொல்லுங்க. அதுக்குப் பெறகு நீங்க என்ன சாயம் வேணும்னாலும் அடிங்க."

அவர்கள் யாருக்கோ போன் பண்ணினார்கள். போனில் பேசியவர் சாமிக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருப்பார் போல. விளக்கத் தெரியாமல் அவர்கள் விழித்தார்கள். இதற்குள் எல்லா வீட்டுப் பெண்களும் இறங்கிவந்து மாமியாருக்கு மேலே மேலே படிகளில் உட்கார்ந்துவிட்டோம். யாரும் சண்டை போடவில்லை. வந்தவர்களுக்கு மோர் கொடுத்தோம். அவர்களும் பாவம், குடித்துவிட்டு வாளிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

சாயங்காலம் மதினி வேனிலிருந்து இறங்கியதும் செய்தி கேட்டு நேரே எங்கள் வீட்டுக்கு ஏறிவந்தார். வாசலில் நின்று என் மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார்தான் முதலில் பேசினார், என்னைப் பார்க்காமல் நேராக மதினியைப் பார்த்து: "என்ன பாக்க? நாங்களும் உப்புப் போட்டுத்தான் திங்கோம்." அதோடு பகை தீர்ந்தது.

அடுத்த வாரம் அதே இஞ்சினியர் வந்தார். இந்தத் தடவை மதினி வேலைக்குப் போகவில்லை. கோலம் இல்லை, கலர் இல்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு முன்னால் வந்து நின்ற இஞ்சினியர், போன முறை இது இப்படி இல்லையே என்றார். அப்போதும் இப்படித்தான் இருந்தது, நாங்கள் மறைத்துவைத்திருந்தோம் என்றார் மதினி. பெயிண்ட் அடிக்க ஏன் விடவில்லை என்று கேட்டார். மதினி என் மகளைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினார்.

"அடிச்சா உங்களுக்குத் தெரியாது சார். இவ நெஞ்சுக்குத் தெரியும்."

இஞ்சினியர் மோசமான மனிதர் இல்லை. அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் குளியலறைச் சுவரைக் கொத்திப் பார்க்கச் சொன்னார். உள்ளே மேல்மாடிக் குழாயும் கீழ்மாடிக் குழாயும் சேருகிற இடத்தில் இணைப்பு விட்டுப்போய், வருஷக்கணக்காக அத்தனை வீட்டுத் தண்ணீரும் சுவருக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. ஆடி முழுக்க உடைத்தார்கள். குழாயை வெளிப்பக்கமாக மாற்றினார்கள், மொட்டைமாடித் தளத்தைப் பெயர்த்துப் போட்டார்கள், சுவர்ப் பூச்சைச் செங்கல் தெரிகிறவரை உரித்து வெயில் காற்றில் காயவிட்டார்கள். தூசி தின்று தூசி குடித்தோம். ஆவணியில் வேப்பமரத்தடியில் பொங்கல் வைத்து, சாமிகளை அவரவர் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனோம். ஆனாலும் ஒருவருக்கும் முழு நம்பிக்கை இல்லை. மழை பெய்யட்டும், பார்க்கலாம் என்று இருந்தோம்.

ஐப்பசியில் அடித்துப் பெய்தது. பள்ளிக்கூடம் லீவு, கம்பெனியும் லீவு. காலனிப் பிள்ளைகள் எல்லாம் மாடிப்படியில் ஏறி இறங்கி விளையாடின, என் மகளும் அதற்குள் இருந்தாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவளிடம் நாங்கள் அதிகம் சொன்ன வார்த்தை "ஓடாதே" என்பதுதான். அன்று யார் சொல்லியும் கேட்கவில்லை. மேலிருந்து தடதடவென்று ஓடிவந்தவள், படியில் உட்கார்ந்திருந்த எங்கள் முன்னால் நின்று வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. என் மாமியார் எழுந்தே விட்டார்.

மதினி அவளை இழுத்து மடியில் சாய்த்து, முதுகில் காதை வைத்தார். மழைச் சத்தத்தில் அவருக்கு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தப் பக்கம் ஒரு தடவை, இந்தப் பக்கம் ஒரு தடவை காதை மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, அவளுடைய பாவாடையைச் சரிசெய்து எழுப்பிவிட்டார்.

"ஒண்ணுமில்ல. ஓடுனதுல வார மூச்சு" என்றார். "ஓடுத்தா. நல்லா ஓடு."

அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நானும் "ஓடு" என்றேன்.